இரண்டு வாசல்கள் உள்ள நகரம்



கான்கூன் என்ற பெயரை நீங்கள் முன்பே கேள்விப்பட்டிருப்பீர்கள். 2003ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நம் நாட்டுச் செய்தித்தாள்களில் அந்தப் பெயர் நாள்தோறும் இடம்பெற்றது. உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் அங்கே கூடினார்கள். அதற்கு முந்தைய கூட்டம் 2001இல் தோகா நகரில் நடந்தது; அங்கே இந்தியாவுக்காக வாதாடியவர் நம் முரசொலி மாறன் என்பது பலருக்கு நினைவிருக்கும். கான்கூனில் இந்தியாவும் பிரேசிலும் முன்நின்று வளரும் நாடுகளைத் திரட்டின. செல்வந்த நாடுகளின் விவசாய மானியங்களைக் கேள்வி கேட்டன. கூட்டம் உடன்பாடு எதுவுமின்றிக் கலைந்தது.

அதற்கும் முன்னே, 1981 அக்டோபரில், 22 நாடுகளின் தலைவர்கள் இதே ஊரில் சந்தித்தார்கள். நம் பிரதமர் இந்திரா காந்தியும் அவர்களில் ஒருவர். பின்பு 2010ஆம் ஆண்டின் இறுதியில் ஐக்கிய நாடுகளின் பருவநிலை மாநாடும் இங்கேதான் நடைபெற்றது.

மெக்சிகோ நாட்டின் தலைநகரம் மெக்சிகோ சிட்டி. அது இருக்க, உலகத் தலைவர்கள் ஏன் ஒரு கடற்கரை ஊரைத் தேடி வந்தார்கள்? அங்கே ஆயிரக்கணக்கான அறைகள் கொண்ட ஓட்டல்கள் உண்டு. அருகிலேயே பெரிய விமான நிலையமும் உண்டு. 1981 கூட்டத்துக்குப் பத்தே ஆண்டுகளுக்கு முன் அங்கே இரண்டில் ஒன்றும் இருந்ததில்லை. அந்த விமான நிலையத்தின் கதையையும், அதன் வழியாக வராத ஜனங்களின் கதையையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஆறில்லாத நாடு, பளிங்குக் கடல்

உலகப் படத்தை எடுத்துப் பாருங்கள். மெக்சிகோவின் தென்கிழக்கு மூலையில் கட்டைவிரல் போல வடக்கு நோக்கி நீட்டிக்கொண்டிருப்பது யூகாத்தான் தீபகற்பம். அதன் வடகிழக்கு நுனியில், கரீபியன் கடலை நோக்கியபடி, கிந்தானா ரோ என்ற மாநிலத்தில் இருக்கிறது கான்கூன்.

விமானம் தாழப் பறக்கும்போது ஜன்னல் வழியே பார்ப்பவர்கள் இரண்டு காரியங்களைக் கவனிப்பார்கள். ஒன்று, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மேடு பள்ளமில்லாத பசுங்காடு. மற்றொன்று, நீலமும் பச்சையும் கலந்த, அடித்தரை தெரியும் கடல். இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே. இந்தத் தீபகற்பம் முழுவதும் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழை மேலே ஓடாமல் பாறைக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே இதன் வடபகுதியில் ஆறுகளே கிடையாது. ஆறில்லாததால் கடலில் சேறு கலப்பதில்லை. கடலும் தெளிவாக இருக்கிறது. நிலத்தடியில் ஓடும் நீர் ஆங்காங்கே பாறை இடிந்து விழுந்த இடங்களில் கிணறு போலத் தெரியும். அவற்றை 'செனோத்தே' என்பார்கள். இப்பகுதியின் பூர்வீகக் குடிகளான மாயா இனத்தார் தலைமுறை தலைமுறையாக இவற்றின் நீரைக் குடித்தே வாழ்ந்துவந்தார்கள்.

கடற்கரையோரம் '7' என்ற எண்ணைப் போல வளைந்த ஓர் ஒடுங்கிய மணல் தீவு. நீளம் 20 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். ஒருபுறம் திறந்த கடல். மறுபுறம் நிச்சுப்தே என்னும் காயல். இரு முனைகளிலும் பாலங்கள் அதை நிலத்தோடு இணைக்கின்றன. இந்தத் தீவுதான் உலகமறிந்த கான்கூன். வெண்மணல் முழுவதும் பவளமும் சிப்பியும் பொடிந்து உண்டானது. நண்பகல் வெயிலிலும் காலைச் சுடாது.

மூன்று பேர் வாழ்ந்த தீவு

1970ஆம் ஆண்டில் அந்தத் தீவில் குடியிருந்தவர்கள் மூன்றே பேர் என்று சொல்லப்படுகிறது. அவர்கள் தென்னந்தோப்பின் காவலாட்கள். எதிர்க்கரையில் புவெர்த்தோ ஹுவாரெஸ் என்ற மீனவக் குப்பத்தில் ஏறக்குறைய 120 பேர் இருந்தார்கள். எனினும் அது ஆதிமுதல் மனிதர் காலடி படாத இடமன்று. 'எல் ரேய்' என்னும் மாயா நகரின் கல் மேடைகளும் தூண்களும் இன்றும் ஓட்டல்களுக்கு நடுவே நிற்கின்றன. பல நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே மீன்பிடித்தும் வியாபாரம் செய்தும் வாழ்ந்தவர்கள் மாயா மக்களே.

1960களின் பிற்பகுதியில் மெக்சிகோவின் மத்திய வங்கியில் இருந்த சில பொருளாதார அறிஞர்கள் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டும் வழியைத் தேடினார்கள். கடற்கரைகளின் வெப்பநிலை, மழை, புயல், அமெரிக்க நகரங்களிலிருந்து உள்ள தூரம் ஆகிய விவரங்களை ஒப்பிட்டுப் பார்த்து, புதிய சுற்றுலா நகரங்களை எங்கே எழுப்பலாம் என்று முடிவுசெய்தார்கள். முதலில் தெரிந்தெடுக்கப்பட்ட இடங்களில் ஒன்று கான்கூன். அமெரிக்காவின் மியாமியும் ஹூஸ்டனும் அதற்கு அருகில் இருந்தன. வேறொரு காரணமும் உண்டு. பக்கத்து யூகாத்தான் மாநிலம் கற்றாழை நார் தொழிலை நம்பி வாழ்ந்தது. செயற்கை நூல் வந்தபின் அந்தத் தொழில் நலிந்தது; வேலையற்றோர் பெருகினார்கள்.

பன்னாட்டு வளர்ச்சி வங்கி ஒன்றிடமிருந்து இரண்டு கோடி டாலருக்கு மேல் கடன் கிடைத்தது. திட்டத்துக்கு மூன்று பகுதிகள் இருந்தன. முதலாவது, தீவின்மீது ஓட்டல்கள். இரண்டாவது, நிலப்பகுதியில் வேலையாட்கள் குடியிருக்க ஒரு நகரம். மூன்றாவது, இவ்விரண்டுக்கும் தெற்கே ஒரு சர்வதேச விமான நிலையம்.

வாசகரே, இந்த வரைபடத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகளுக்கு ஓர் இடம். அவர்களுக்குப் பரிமாறுகிறவர்களுக்கு வேறோர் இடம். இரண்டுக்கும் நடுவே காயல். கான்கூனில் இந்தப் பிரிவு தற்செயலாக உண்டானதல்ல. முதல் செங்கல் வைப்பதற்கு முன்பே அது காகிதத்தில் வரையப்பட்டிருந்தது.

ஓடுபாதை வளர்ந்த விதம்

கட்டுமானப் பணிகளுக்காக முதலில் நகரத்துக்குள்ளேயே ஒரு சிறிய ஓடுபாதை போடப்பட்டது. அதன் கட்டுப்பாட்டுக் கோபுரம் மரத்தால் ஆனது. அந்த ஓடுபாதை இருந்த இடத்தில் இன்று காபா அவென்யூ என்னும் பெருஞ்சாலை ஓடுகிறது. பழைய கோபுரத்தின் வடிவத்தைச் சாலையோரம் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

1970களின் நடுவில் இப்போதைய விமான நிலையம் செயல்படத் தொடங்கியது. 1974 அக்டோபரில் கிந்தானா ரோ தனி மாநிலமாயிற்று. 1998இல் மெக்சிகோ அரசு தன் விமான நிலையங்களைத் தனியாரிடம் ஒப்படைத்தபோது, கான்கூன் உள்ளிட்ட தென்கிழக்கின் ஒன்பது நிலையங்களை 50 ஆண்டு உரிமத்தில் 'ஆசூர்' என்ற குழுமம் பெற்றது. 2007இல் மூன்றாம் முனையம் திறக்கப்பட்டது. 2009இல் இரண்டாவது ஓடுபாதையும் புதிய உயர்ந்த கட்டுப்பாட்டுக் கோபுரமும் வந்தன. 2017இல் நான்காம் முனையம் திறக்கப்பட்டது.

2019ஆம் ஆண்டில் இந்த நிலையத்தைப் பயன்படுத்தியவர்கள் சுமார் இரண்டு கோடியே 55 லட்சம் பேர். 2023இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று கோடியே 27 லட்சமாக உயர்ந்தது. வருவோரும் போவோரும் சேர்த்து நாளொன்றுக்குச் சராசரியாக 90,000 பேர் என்று கணக்கிடலாம். மெக்சிகோவுக்கு வான்வழியாக வரும் அயல்நாட்டுச் சுற்றுலாப் பயணிகளில் மிகப் பெரும் பகுதியினர் தலைநகரில் இறங்குவதில்லை, இங்கேதான் இறங்குகிறார்கள்.

முதல் வாசல்

இந்த நிலையத்தில் வந்து இறங்குகிறவருக்கு என்ன நேரிடும்? குடியேற்ற அதிகாரியின் வரிசை நீண்டிருக்கும். முத்திரை பெற்றுப் பெட்டியை எடுத்துச் சுங்கச் சோதனை முடித்து வெளியே வந்தால், கதவுக்கு முன்பாக ஒரு கூடம். அங்கே கழுத்தில் அட்டை தொங்க, புன்முறுவலோடு பலர் நிற்பார்கள். அரசு அலுவலர் போலவும் பயண முகவர் போலவும் தோற்றமளிப்பார்கள். 'எந்த ஓட்டல்? வண்டி இங்கே' என்று கனிவாகக் கேட்பார்கள். அவர்களில் பலர், ஓட்டல் அறையில் ஆண்டுக்கு ஒரு வாரப் பங்கை விற்கும் நிறுவனங்களின் ஆட்கள். முன்னரே வந்துபோனவர்கள் இவர்களைத் திரும்பிப் பாராமல் நேராக நடந்து வெளியேறிவிடுவார்கள்.

வெளியே குளிரூட்டப்பட்ட வேன்கள் காத்து நிற்கும். அவை வடக்கே தீவின் ஓட்டல்களுக்கும், தெற்கே பிளாயா தெல் கார்மென், துலும் கடற்கரைகளுக்கும் செல்லும். ஓட்டலை அடைந்ததும் விருந்தாளியின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டப்படும். உணவு, பானம், நீச்சல் குளம், இரவு நிகழ்ச்சி அனைத்துக்கும் முன்பணம் செலுத்தப்பட்டுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ஏழு நாள் தங்கி, ஊரில் ஒரு கடைக்கும் போகாமல், ஒரு பைசாவும் வெளியே செலவழிக்காமல் மீண்டும் விமானம் ஏறுகிறவர்கள் ஏராளம். 'கான்கூனைப் பார்த்தேன்' என்று அவர்கள் சொல்வார்கள். அவர்கள் பார்த்தது அந்த நகரத்தின் ஒரு வாசலையும் ஒரு திண்ணையையும் மட்டுமே.

இரண்டாம் வாசல்

நகரின் மையத்தில், துலும் அவென்யூவும் உஷ்மால் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில், வெளியூர்ப் பேருந்து நிலையம் இருக்கிறது. கான்கூனைக் கட்டிய ஜனங்கள் வந்திறங்கியது சாலை வழியாகத்தான். யூகாத்தானின் மாயா கிராமங்களிலிருந்து சில மணி நேரப் பயணம். தபாஸ்கோ, வெராக்ரூஸ் மாநிலங்களிலிருந்து இரவு முழுவதும். சியாபாஸ் மலைப்பகுதியிலிருந்து இன்னும் அதிகம்.

ஒரு பை, ஒரு விலாசம், முன்னே வந்த சொந்தக்காரர் ஒருவர். இந்தக் காட்சியை உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. தாதர் நிலையத்திலோ, புதுடெல்லி நிலையத்திலோ, உங்கள் தகப்பனாரோ பாட்டனாரோ இறங்கிய காட்சியும் இதுவே அல்லவா?

முதலில் வந்தவர்கள் காட்டை வெட்டினார்கள், சாலை போட்டார்கள், கம்பி கட்டினார்கள். ஓட்டல் எழும்பியபின் அதே குடும்பங்களின் பெண்கள் அறைகளைச் சுத்தம் செய்தார்கள். ஆண்கள் சமையற்கூடத்திலும் தோட்டத்திலும் உழைத்தார்கள். திட்டமிட்டவர்கள் போட்ட கணக்கு வெகு சீக்கிரத்தில் பொய்த்தது. நகரத்துக்கென்று ஒதுக்கிய வீட்டுமனைகள் போதவில்லை. வடக்கே காட்டு விளிம்பில் மரக்குச்சிகளும் பனையின ஓலையும் கொண்ட குடிசைகள் பெருகின. தண்ணீரும் மின்சாரமும் பின்னாலேயே மெல்ல வந்து சேர்ந்தன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கான்கூன் நகரில் ஏறக்குறைய எட்டு லட்சத்து 89 ஆயிரம் பேர். அரை நூற்றாண்டில் 120 பேர் இத்தனை லட்சமானார்கள். வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் வேறெங்கோ பிறந்தவர்கள். 'சொந்த ஊர் எது?' என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோருமே வேறோர் ஊரின் பெயரைச் சொல்லும் நகரம் அது.

விருந்தாளிக்காக நகர்ந்த கடிகாரம்

2015 பிப்ரவரி 1ஆம் தேதி கிந்தானா ரோ மாநிலம் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி, மெக்சிகோவின் மற்றப் பகுதிகளிலிருந்து பிரிந்து தனி நேரத்தை ஏற்றுக்கொண்டது. மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக வெளிச்சம் இருந்தால் விருந்தாளிகள் கடற்கரையில் அதிக நேரம் கழிப்பார்கள். வந்த பணமும் பெருகும் என்பதே காரணம்.

அதன் மறுபக்கம் என்ன? டிசம்பரிலும் ஜனவரியிலும் அங்கே சூரியன் உதிக்க ஏழு மணிக்கு மேலாகிவிடும். ஓட்டல் வேலைக்குப் போகும் தாய் இருட்டில் எழுந்து, இருட்டில் சமைத்து, பிள்ளையை இருட்டிலேயே பள்ளிக்கு அனுப்புகிறாள். பின்பு நகரத்துப் பேருந்தில் ஏறி, காயலைச் சுற்றிப் பாலத்தைக் கடந்து தீவை அடைகிறாள். விருந்தாளி கண்விழிக்கும் முன்பே சாப்பாட்டு மேசை ஆயத்தமாக வேண்டும். கடற்கரை பெருக்கப்பட்டிருக்க வேண்டும்.

கடற்கரையைப் பெருக்குவது சிறிய வேலையன்று. ஏறக்குறைய 2015 முதல், 'சர்காசோ' என்னும் பழுப்புநிற மிதக்கும் கடற்பாசி அட்லாண்டிக் கடலிலிருந்து மலைபோல வந்து இக்கரைகளில் குவிகிறது. சில ஆண்டுகளில் அதிகம், சில ஆண்டுகளில் குறைவு. அழுகினால் முட்டை நாற்றம் வீசும். விடியற்காலையில் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக அதை அள்ளுகிறவர்களை விருந்தாளிகள் பெரும்பாலும் காண்பதில்லை.

மெக்சிகோவின் சட்டப்படி கடற்கரைகள் அனைத்தும் பொதுச்சொத்து. எந்த ஓட்டலும் மணலைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது. ஆனால் சாலைக்கும் மணலுக்கும் நடுவே சுவர்போல ஓட்டல்கள் நிற்கும்போது, மணலுக்குப் போகும் வழி எது? இந்தக் குறை நெடுங்காலம் இருந்தபின், 2020 அக்டோபரில் சட்டம் திருத்தப்பட்டது. பொதுமக்கள் கடற்கரைக்குச் செல்வதைத் தடுக்கும் சொத்து உரிமையாளருக்கு அபராதம் விதிக்கலாம் என்றாயிற்று. தீவிலுள்ள சில பொதுக் கடற்கரைகளில் பெரியது 'பிளாயா தெல்ஃபீனெஸ்'. ஞாயிற்றுக்கிழமையில் அங்கே போனால், ஆறு நாளும் மற்றவருக்குப் படுக்கை விரித்தவர்கள் தங்கள் பிள்ளைகளோடு மணலில் அமர்ந்து கட்டிக்கொண்டு வந்த உணவை உண்பதைக் காணலாம்.

2003 மாநாட்டின்போது அதே தீவின் நுழைவாயிலில் பெரிய தடுப்பு வேலி எழுப்பப்பட்டது. மாநாடு வேலிக்கு உள்ளே. விவசாயிகளும் தொழிலாளரும் வெளியே. செப்டம்பர் 10ஆம் தேதி லீ கியுங் ஹே என்ற தென்கொரிய விவசாயத் தலைவர் அந்த வேலியில் ஏறி நின்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் துயரம் உலகத்தை அதிரச் செய்தது. உள்ளே இருப்போர் செய்யும் தீர்மானம் வெளியே நிற்போரின் வயலையும் வீட்டையும் தொடும் என்பதை அந்த வேலி எல்லோருக்கும் காட்டிவிட்டது.

காற்றும் மழையும் பாகுபாடு அறியவில்லை

1988 செப்டம்பரில் கில்பர்ட் சூறாவளி இந்தக் கரையை மிகுந்த உக்கிரத்தோடு தாக்கியது. அதைவிட அதிகமாக மக்கள் நினைவில் நிற்பது 2005 அக்டோபரில் வந்த வில்மா. அட்லாண்டிக் பகுதியில் பதிவான சூறாவளிகளில் மிகக் குறைந்த காற்றழுத்தம் கொண்டது அதுவே. கரையேறியபின் விரைந்து கடந்து செல்லாமல், ஒரு நாளுக்கும் மேலாகக் கோசுமெல், கான்கூன் பகுதியிலேயே சுழன்றது. அருகிலுள்ள இஸ்லா முஹேரெஸ் தீவில் 24 மணி நேரத்தில் 1,500 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை பதிவாயிற்று.

மும்பையில் வாழும் வாசகர்களுக்கு இந்த எண்ணின் பாரம் எளிதில் விளங்கும். அதே 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் பெய்தது 944 மில்லிமீட்டர். அதற்கே விமான நிலையம் மூடப்பட்டது, ரயில்கள் நின்றன, தாழ்வான குடியிருப்புகள் மூழ்கின. கான்கூன் பகுதியில் அதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் பெய்தது. கூடவே பெருங்காற்றும் வீசியது.

விமான நிலையம் பலத்த சேதமடைந்தது. முதல் முனையம் பல ஆண்டுகள் வழக்கமான சேவைக்குத் திரும்பவில்லை. பல்லாயிரம் விருந்தாளிகள் பள்ளிக்கூடங்களிலும் ஓட்டல் கூடங்களிலும் நாட்கணக்கில் தங்கினார்கள். உலகமெங்கும் பேர்பெற்ற வெண்மணலைக் கடல் அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஓட்டல்களுக்கு முன் வெறும் பாறை தெரிந்தது. பின்னர் கடலடியிலிருந்து மணலை உறிஞ்சி எடுத்துக் கரையில் நிரப்பினார்கள். சில ஆண்டுகளில் அதுவும் அரித்துப் போகவே மறுபடியும் நிரப்ப வேண்டியதாயிற்று. மணல்மேடுகள் இருந்த இடத்தில் கட்டடம் எழுப்பினால், அலை கொண்டுபோன மணலைத் திருப்பித் தரும் மேடு இல்லாமற்போகிறது. இயற்கை இலவசமாய்ச் செய்த வேலையை மனிதன் பெருஞ்செலவில் செய்ய நேர்ந்தது.

விமானம் வராத நாட்கள்

2020ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்று வந்தது. மெக்சிகோ தன் விமான நிலையங்களை மூடவில்லை. ஆனாலும் வருவார் இல்லை. இரண்டு கோடியே 55 லட்சமாக இருந்த பயணிகள் எண்ணிக்கை ஒரு கோடியே 23 லட்சமாகச் சரிந்தது. ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டல்கள் ஏறக்குறைய அனைத்தும் கதவடைத்தன. அந்த ஆண்டில் பதிவுபெற்ற வேலைகளை மிக அதிக விகிதத்தில் இழந்த மெக்சிகோ மாநிலம் கிந்தானா ரோதான். வயலும் ஆலையும் இல்லாத ஒரு நகரம், ஒரே ஒரு விமான நிலையத்தின் வழியாகத் தன் அப்பத்தைப் பெற்றுக்கொண்டிருந்தது என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கிற்று. சம்பளத்தைவிடப் பரிசுப் பணத்தையே நம்பி வாழ்ந்த குடும்பங்கள் முதலில் விழுந்தன. பலர் வந்த பேருந்திலேயே கிராமத்துக்குத் திரும்பினார்கள்.

அதே மாதங்களில் நம் நாட்டின் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பிய ஜனங்களை நாம் கண்டோமல்லவா? ஒரே நேரத்தில், உலகத்தின் இரு பக்கங்களில், நகரங்களைக் கட்டியவர்கள் நகரங்களை விட்டு வெளியேறினார்கள்.

பின்னர் விருந்தாளிகள் திரும்பினார்கள். எண்ணிக்கை முன்னிலும் பெருகியது. 2023 டிசம்பரில் தெற்கே துலும் அருகே மற்றொரு சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. அதே மாதம் 'மாயா ரயில்' ஓடத் தொடங்கியது. கான்கூன் விமான நிலையத்தருகே அதற்கு ஒரு நிலையம் உண்டு. இந்த ரயில் தொலைவான கிராமங்களுக்கு வேலை தரும் என்றது அரசு. காடு அழிவதையும், நிலத்தடிக் குகைகளுக்குள் தூண்கள் இறக்கப்படுவதையும் சுட்டிக்காட்டி அறிவியலாரும் ஊராரும் எதிர்த்தார்கள். குடிநீர் முழுவதும் நிலத்துக்கடியிலேயே ஓடும் நாட்டில் இந்த அச்சம் வீணானதல்ல.

நீங்கள் போக நேர்ந்தால்

'இதெல்லாம் நமக்கு எட்டாத தூரம்' என்று எண்ணிவிடாதீர்கள். இன்று நம் சபைகளில் அமெரிக்காவில் பிள்ளைகள் வேலைபார்க்கும் குடும்பங்கள் பல உண்டு. ஹூஸ்டனிலிருந்து கான்கூனுக்கு விமானத்தில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரந்தான். விடுமுறைக்குப் பெற்றோரை அங்கே அழைத்துச் செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா உள்ள இந்தியர்களைத் தனி விசா இன்றி மெக்சிகோ அனுமதித்து வருகிறது. எனினும் விதிகள் மாறக்கூடியவை. புறப்படுமுன் தூதரகத்தில் உறுதிசெய்துகொள்வது நல்லது.

விமான நிலையத்தில் யார் அழைத்தாலும் கூடத்தில் நின்றுவிடாதீர்கள். வெளியே வந்தபின் உங்கள் வண்டியைத் தேடுங்கள். நகர மையத்துக்கு நேரே செல்லும் பேருந்து நிலையத்தின் முனையங்களிலிருந்தே புறப்படுகிறது, கட்டணமும் குறைவு. குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். ஒரு மாலையாவது தீவை விட்டு நகரத்துக்கு வாருங்கள். 'பார்க்கே தெ லாஸ் பலாபாஸ்' என்ற பூங்காவில் உள்ளூர்க் குடும்பங்கள் கூடும். அங்கே 'மார்கெசீத்தா' என்னும் மொறுமொறுப்பான சுருளப்பத்தை, துருவிய பாலாடைக்கட்டி வைத்துச் சுடச்சுடத் தருவார்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டே அந்த ஜனங்களின் முகங்களைப் பாருங்கள்.

உங்கள் அறையைச் சுத்தம் செய்யும் சகோதரிக்குக் கடைசி நாளில் மொத்தமாகக் கொடுப்பதைவிட, நாள்தோறும் மேசைமீது சிறிது பணம் வையுங்கள். நாளுக்கு ஒருவர் முறை மாறி வரக்கூடும். முடிந்தால் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லி அழையுங்கள். ஸ்பானிய மொழியில் நன்றிக்கு 'கிராசியாஸ்'. அவர் மாயா இனத்தவராயிருந்தால் அவருடைய தாய்மொழியில் 'தியோஸ் போஓத்திக்' என்று சொல்லுங்கள். 'தேவன் உமக்குப் பலன் அளிப்பாராக' என்பதே அந்தச் சொல்லின் நேர்ப்பொருள். பட்டணத்து ஓட்டல் வராந்தாவில் தன் கிராமத்துச் சொல்லைக் கேட்கும்போது ஒரு மனுஷிக்கு உண்டாகும் மகிழ்ச்சி எப்படிப்பட்டது என்பது, அயலூரில் தமிழ்க் குரல் கேட்டுத் திரும்பிப் பார்த்த உங்களுக்குத் தெரியாததல்ல.

நம் நகரங்களிலும்

கான்கூனுக்கு நீங்கள் ஒருபோதும் போகாமலிருக்கலாம். ஆனால் நீங்கள் வாழும் பட்டணத்துக்கும் இரண்டு வாசல்கள் உண்டு. முன்வாசலில் விளக்கும் பூங்கொத்தும் இருக்கும். பின்வாசலில் சுமையும் வியர்வையும் இருக்கும். நம்முடைய முன்னோர் பின்வாசல் வழியாக வந்து, படித்து, உழைத்து, வீடு கட்டினார்கள். இன்று அதே வாசலில் பீகாரிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும், அசாமிலிருந்தும் ஒரு பையோடு இளைஞர்கள் வந்திறங்குகிறார்கள். உங்கள் குடியிருப்பின் காவலாளியும், உணவுப் பொட்டலம் கொண்டுவரும் பையனும், அடுக்குமாடியின் சாரத்தில் நிற்கும் கொத்தனாரும் அவர்களே.

அவர்களில் ஒருவருடைய பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவர் எந்த ஊர் என்று கேட்டதுண்டா? அவருடைய மொழியில் நன்றிக்கு என்ன சொல் என்று அறிவீர்களா? இம்மாத இதழை மூடி வைக்குமுன் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடத் தொடங்குங்கள். அதற்கு விமானச் சீட்டு தேவையில்லை. வாசல் வரை நடந்தால் போதும்.